அகலக்கால்

‘ஒரு காலி அட்டைப்பெட்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? பத்து நிமிடத்தில் தோன்றுவதையெல்லாம் எழுதவும்’ என்று தாளில் அச்சாகியிருந்தது. நான் கையை உயர்த்தி, “எந்த அட்டைங்க? மூணு அடுக்கா, அஞ்சு அடுக்கா?” என்று கேட்டேன். ஆய்வு செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குமேல் இராது. பின்பக்கத்தில் விடை இருக்கும் என்பதுபோலத் தன் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, “சும்மா ஒரு பெட்டி சார்” என்றாள். மேற்கொண்டு கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனால் சும்மா ஒரு பெட்டி என்று உலகத்தில் எதுவும் கிடையாது. நான் பெட்டித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக மாதிரி போடுகிறவன். பல்பு, மருந்துக் குப்பி, பீங்கான் கோப்பை என்று ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார்கள். அது உடையாமல் ஊர் போய்ச் சேர அட்டையை எங்கே வெட்ட வேண்டும், எங்கே மடிக்க வேண்டும், எந்த நாக்கு எந்தப் பிளவுக்குள் நுழைய வேண்டும் என்று வரைந்து, வெட்டி, மடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பேன். உடைந்தால் மறுபடி வரைவேன்.

பக்கத்து மேசையில் என் அக்கா எழுதிக்கொண்டிருந்தாள். பேனா தாளில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நடுவில் தனக்குத்தானே ஒருமுறை சிரித்துக்கொண்டாள்.

அவளால்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் யாரோ கலைஞர்களின் குணங்களை ஆராய்கிறார்கள். எப்படிப்பட்ட சுபாவம் இருந்தால் எப்படிப்பட்ட கற்பனை வரும் என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு கலைஞரும் தன்னோடு பிறந்த ஒருவரை ஒப்பீட்டுக்காக அழைத்துவர வேண்டும். அவர் கலைப்பக்கம் போகாதவராக இருக்க வேண்டும். அக்கா போனில், “நீ ஒண்ணுமே பண்ண வேணாம்டா. வந்து சாதாரணமா இருந்தாப் போதும்” என்றாள். “அது எனக்குக் கைவந்த கலையாச்சே” என்றேன். அதற்கும் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கக் காரணம் அதிகம் வேண்டியதில்லை.

நான் எழுதியவை நான்கு. பொருள் அனுப்ப, பொருள் வைக்க, சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது கிழித்துத் தரையில் விரிக்க. நான்காவதாக, குழந்தை ஏறி உட்கார என்று எழுதிவிட்டு யோசித்தேன். மூன்று அடுக்கு அட்டை என்றால் பக்கச்சுவர் மடங்கிவிடும். அதை அடித்துவிட்டேன்.

திரும்பும்போது பேருந்தில் அக்கா தன்னுடையதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். மொத்தம் முப்பத்தேழு எழுதினாளாம். பூனைகளுக்கு நீதிமன்றம். கோபம் வந்தால் தலையில் கவிழ்த்துக்கொள்ள. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி, கடைசிப் பெட்டியில் ஒரே ஒரு கடுகு. “நீ எத்தனைடா?” என்றாள். “மூணு. நாலாவதை அடிச்சுட்டேன்.” “ஏன்?” “எடை தாங்காது.” அவள் சிரித்த சிரிப்பில் முன்இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து எங்களுக்குள் அப்படித்தான். அவளைப் பார்த்துச் சிரிப்பவர்களில் நானும் ஒருவன். என்னைப் பார்த்து அவள் சிரிக்கும்போதும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

இரண்டு வாரத்தில் ஆய்வு முடிவை ஆளுக்கொரு பக்கமாக அனுப்பியிருந்தார்கள். எனக்குப் பொறுப்புணர்வு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. புதுமை நாட்டம் பதினொன்று. என் மனைவி வாசித்துவிட்டு, “இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? என்கிட்ட கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே” என்று குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள்.

அப்பா எங்களுக்குச் சின்ன வயதிலேயே பெயர் வைத்துவிட்டார். அவள் பம்பரம், நான் ஆமை. அவர் தபால்காரராக இருந்தவர். முப்பத்தாறு வருடம், நாளுக்குப் பதினான்கு கிலோமீட்டர், தோளில் பையோடு நடந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால், “கால் எங்க போகுதோ அங்க” என்பார். அந்தக் கால்தான் நான்கு வருடமாக அவருடைய பேச்சைக் கேட்கவில்லை. நடுக்குவாதம். முதலில் கை ஆடியது. பிறகு எழுத்து சிறுத்தது, குரல் இறங்கியது, முகத்தில் சிரிப்பு வருவது நின்றுபோனது. உள்ளே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார், முகத்துக்கு வந்து சேர்வதில்லை என்று டாக்டர் சொன்னார். கடைசியாக நடை. நடந்துகொண்டே இருப்பார், வாசற்படி நெருங்கும், யாரோ பாதத்தை ஆணி வைத்துத் தரையோடு அறைந்ததுபோல நின்றுவிடுவார். உடம்பு மட்டும் முன்னால் போகும். அப்படி ஒரே மாதத்தில் இரண்டுமுறை விழுந்தார். இரண்டுமுறையும் தூக்கியது என் மனைவி. இரண்டாம்முறை அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் குனிய முடியவில்லை.

டாக்டர் சக்கர நாற்காலி என்றார். எங்கள் குளியலறைக் கதவை நான் அளந்து பார்த்தேன், நாற்காலி நுழையாது. அப்பா அளவெல்லாம் கேட்கவில்லை. “உக்காந்து போறதுக்கு நான் என்ன பார்சலா?” என்றார். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றின் விளம்பரத் தாள் மேசை இழுப்பறையில் இருந்தது. அதை வாங்கி வந்தவன் நான்தான், மனைவி இல்லை. அக்கா ஒருநாள் எதையோ தேடி இழுப்பறையைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு, “அவரை அங்க கொண்டுபோய் விட்டே, உன் மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்” என்றாள். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித்தருகிறாள், மற்ற நாட்களில் வரைகிறாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவாள். வந்தால் வீடு கலகலப்பாகிவிடும். அப்பாவுக்கு நான்கு மணி மாத்திரை கொடு என்று சொல்லிவிட்டுப் போனால் ஆறு மணிக்கும் மாத்திரை அப்படியே இருக்கும்.

ஒருநாள் காலையில் ஒன்றைக் கவனித்தேன். குளியலறை வாசலில் ஐந்து நிமிடம் நின்ற அதே மனிதர், தெருவாசலில் இருக்கும் மூன்று படிகளில் கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் மளமளவென்று இறங்கினார். மனைவியும் பார்த்தாள். “மாமா மனசு வெச்சா நல்லாத்தான் நடக்குறார்” என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அவள் இடுப்புவலி அப்படிச் சொல்ல வைத்தது. ஆனால் எனக்கு அந்தப் படிகள் மனதில் உட்கார்ந்துவிட்டன. சமதரையில் நிற்கிற கால் படியில் ஏன் நிற்பதில்லை? அன்றிலிருந்து ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். எங்கே நின்றார், எத்தனை மணிக்கு, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம், எந்தக் கால். இருபத்திரண்டு நாள் குறித்தேன். “என்னடா, என்மேல கேஸ் எழுதுறியா?” என்று அப்பா கேட்டார்.

இருபத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை நான்கு மணி வெயில் மேற்கு ஜன்னல் வழியாக வந்து கம்பிகளின் நிழலைக் கூடத்துத் தரையில் குறுக்குக் கோடுகளாகப் போட்டிருந்தது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். நான் பிடிக்கப் போகவில்லை. ஒவ்வொரு நிழலையும் தாண்டித் தாண்டி, பழைய தபால்காரராகக் கூடத்தைக் கடந்தார். கடைசி நிழல் முடிந்த இடத்தில் நின்றுவிட்டார். நான் நோட்டில் எதுவும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாக்பீஸால் கோடு போட்டேன். ஐம்பது சென்டிமீட்டர் இடைவெளியில் போட்டபோது எட்டி வைக்கப் போய்ச் சாய்ந்தார், நல்லவேளை பக்கத்தில் இருந்தேன். முப்பதில் காலோடு கால் இடித்தது. அழித்து அழித்துப் போட்டேன். நாற்பத்திரண்டில் நடந்தார். நாற்பதிலும் நடந்தார், நாற்பத்தைந்திலும் நடந்தார், ஆனால் நாற்பத்திரண்டில் மட்டும் கீழே பார்க்காமல் பேசிக்கொண்டே நடந்தார். வாசற்படியில் கோடுகளை நெருக்கினேன். குளியலறைக்குத் திரும்பும் மூலையில் நேர்க்கோடு உதவவில்லை, விசிறி மடிப்புபோலக் கோடுகளை விரித்துப் போட வேண்டியிருந்தது. அது ஒன்றுக்கே ஒன்பது நாள் ஆனது. பிறகு தொழிற்சாலையிலிருந்து வெள்ளைத் துணி டேப் கொண்டுவந்து ஒட்டினேன். தரை போச்சு என்று மனைவி சொன்னாள். சொன்னவளே, முதல்முறை அப்பா யார் துணையும் இல்லாமல் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். இரண்டுபேரும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விளம்பரத் தாள் இழுப்பறையில் இப்போது இல்லை. எப்போது, யார் எடுத்துப் போட்டது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்கா அடுத்தமுறை வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோடுகள்மேல் போனாள், வந்தாள், மறுபடி போனாள். “டேய், என்னடா இது” என்றாள் மெதுவாக. படுத்துக்கொண்டு படம் எடுத்தாள். பிறகு அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினாள். நான் சமையலறையில் வாரத்துக்கான மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சிரிப்பு கேட்டது, அப்பாவின் தாழ்ந்த குரல் கேட்டது, என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கிளம்பும்போது, “அந்த டேப் ரெண்டு ரோல் குடுடா” என்றாள். கொடுத்தேன். அவள் கேட்பது எதற்கு என்று நாங்கள் யாரும் விசாரிப்பதில்லை. எதற்கும் ஆகலாம்.

அதே மாதம் நானும் மனைவியும் அக்காவும் அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. அது திறந்தது, அப்பா நின்றுவிட்டார். கதவு மூடியது, திறந்தது. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நான் தரையில் ஏதாவது கோடு இருக்கிறதா என்று தேடினேன், பளபளவென்று ஒரே கல். பையில் டேப் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், அடுத்தமுறை கொண்டுவர வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அக்கா அவர் முன்னால் போய்த் தன் காலைக் குறுக்கே நீட்டினாள். “அப்பா, புதுச் செருப்பு. மிதிச்சீங்க, தெரியும் சேதி.” அப்பா குனிந்து செருப்பைப் பார்த்தார். தாண்டினார். அவள் அடுத்த காலை நீட்டினாள். அப்படியே பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து, ஏதோ ஆட்டம் ஆடுகிறவள்போல, பதிவு மேசை வரைக்கும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வீடு திரும்பும்போது, “எப்படித் தோணுச்சு உனக்கு?” என்று கேட்டேன். “எது?” என்றாள். நிஜமாகவே மறந்துவிட்டிருந்தாள். அன்று நோட்டில் ‘செருப்பு, பலிக்கிறது’ என்று எழுதினேன். எழுதிவிட்டு யோசித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு நாள் இல்லை, இருநூறு நாள் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அது வந்திருக்காது.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய கண்காட்சி. பழைய துணிக்கிடங்கு ஒன்றைக் காட்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள், உயரமான கூரை, சாம்பல் நிற சிமென்ட் தரை. அப்பாவுக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டுவிட்டோம். மாலை ஐந்து மணிக்கே நாற்பது ஐம்பதுபேர் இருந்தார்கள். அப்பாவையும் மனைவியையும் வாசலருகே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே திரும்பினேன். சுவர்களில் அவள் ஓவியங்கள் இருந்தன. நடுக்கூடத்தில் ஓவியம் இல்லை. தரையில், வாசலிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் வெள்ளைக் கோடுகள். அதே டேப். சுவரில் ஒரு சிறிய அட்டை. ‘தபால்காரர்’ என்று இருந்தது, கீழே அவள் பெயர், அதற்குக் கீழே ‘துணி டேப், சிமென்ட் தரை’.

எனக்குக் காது சுட்டது. கோபம் என்று அதைச் சொல்ல முடியுமா தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்து பழக்கமில்லை. யாரோ என் மேசையிலிருந்து எதையோ எடுத்துவிட்டார்கள், அது என் மேசை என்றே அவர்களுக்குத் தெரியவில்லை என்பதுபோல இருந்தது. அவளைத் தேடிப்போய்த் தூண் பக்கம் அழைத்து, “அக்கா, இது நான் ஒட்டினது” என்றேன்.

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். “நீ ஒட்டினது வீட்ல இருக்கேடா.”

“அதைத்தானே இங்க ஒட்டி வெச்சிருக்கே.”

“இல்லடா. அது வேற, இது வேற. நீ அப்பாவை நடக்க வெக்க ஒட்டினே. நான் நம்மள நிக்க வெக்க ஒட்டியிருக்கேன். நடந்து பாரு.”

நான் நடக்கவில்லை. மற்றவர்களைப் பார்த்தேன். கையில் கோப்பையோடு ஒருவர் கோடுகள்மேல் போய்க்கொண்டிருந்தார். முதல் ஐந்து கோடு சீராக நடந்தார். ஆறாவதிலிருந்து இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருந்தது, எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. எட்டாவதில் எட்டி வைத்தார். பத்தாவதில் ஒரு கால் தூக்கியபடி நின்று, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பின்னால் வந்த பெண் சிரிக்கவில்லை. அதே இடத்தில் நின்றுகொண்டு தன் பாதங்களை, யாருடையதையோ பார்ப்பதுபோல, பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு அப்பாகிட்ட கேட்டேன்” என்றாள் அக்கா. “நிக்கும்போது எப்படிப்பா இருக்கும்னு. கால் நகராம இல்லம்மா, தரை விலகிப் போகுது, அடுத்த அடி எங்கயோ தூரத்துல இருக்குன்னார்.”

“எங்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே.”

“நீ கேட்டியா?”

கேட்கவில்லை. எந்தக் கால், எத்தனை மணி என்று எல்லாம் எழுதிய நோட்டில் அதற்கு ஒரு வரி இல்லை. அந்தச் சமயத்தில்தான் கூடத்தில் சத்தம் அடங்கியது. திரும்பிப் பார்த்தேன்.

அப்பா எழுந்து நடந்துகொண்டிருந்தார். மனைவி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள் போல. தரையில் வெள்ளைக் கோடு இருந்தால் அது தனக்காகப் போட்டது என்று அவருக்கு இப்போது பழகியிருந்தது. ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். முதல் ஐந்து கோடு, தலை நிமிர்ந்து, பழைய நடை. ஆறு. ஏழு. எட்டாவதில் நின்றார். அடுத்த கோடு அவருக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. உடம்பு முன்னால் சாயப் பார்த்தது, கை நடுங்கியது, முகம் எப்போதும்போல எதையும் காட்டாமல் இருந்தது. இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். இன்னும் இரண்டுபேர் சேர்ந்து தட்டினார்கள்.

நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். “அக்கா, கால நீட்டு” என்றேன். அவள் வரவில்லை. எந்த இடத்திலும் எதையாவது செய்துவிடுகிற என் அக்கா, தான் ஒட்டிய கோட்டின் ஓரத்தில் விறைத்துப்போய் நின்றாள். தண்ணீரோடு ஓடிவந்த மனைவியிடம் அப்பாவின் தோளைக் கொடுத்துவிட்டு நான் மண்டியிட்டேன். ஒன்பதாவது கோட்டை நகத்தால் நெம்பி உரித்தேன். துணி டேப் உரியும் சத்தம் அந்தப் பெரிய கூடத்தில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். உரித்ததை அருகே கொண்டுவந்து ஒட்டினேன்.

தலைக்குமேல் அப்பாவின் குரல் வந்தது. “அகலக்கால் வெச்சுட்டோம் போலருக்கே.”

கேட்டதும் அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் வந்து மண்டியிட்டுப் பத்தாவது கோட்டை உரிக்க ஆரம்பித்தாள். “எவ்வளவுடா?” என்றாள்.

“நாப்பத்திரண்டு.”

“எனக்குப் புரியுற மாதிரி சொல்லு.”

“ரெண்டு சாண்.”

“யார் சாண்? உன்னோடதா, என்னோடதா?”

“என்னோடது” என்று கையை விரித்துத் தரையில் வைத்துக் காட்டினேன். அவள் தன் கையை என் கைமேல் வைத்துப் பார்த்து, ஒரு விரல் கூட்டிக்கொண்டாள். இரண்டுபேரும் உரித்து, அளந்து, ஒட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தோம். அப்பா எங்களைத் துரத்துவதுபோல ஒவ்வொரு கோடாக வந்தார். கோடுகளைக் கிட்டக் கிட்ட ஒட்டியதால் பாதித் தூரத்தில் தீர்ந்துபோயின. அக்கா தோளில் கிடந்த துப்பட்டாவை முறுக்கிக் குறுக்கே போட்டாள். அவர் தாண்டியதும் இழுத்து மறுபடி முன்னால் போட்டாள். சுவர் வந்ததும் அப்பா உள்ளங்கையை அதன்மேல் வைத்துச் சற்று நேரம் நின்றார். இந்தமுறை யாரும் கைதட்டவில்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் அந்த ஆராய்ச்சிப் பெண் என்னிடம் வந்தாள். அக்கா அழைத்திருக்கிறாள். “சார், நீங்கதானே மூணு அடுக்கா அஞ்சு அடுக்கான்னு கேட்டது?” என்றாள். ஆமாம் என்றேன். “அதை எந்தக் கட்டத்துல குறிக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெரியலை சார். ஓரத்துல எழுதி வெச்சிருக்கேன்.” வேறென்னவோ கேட்க வந்தவள் தரையைப் பார்த்தாள், அக்காவையும் என்னையும் பார்த்தாள், கேட்காமல் போய்விட்டாள்.

மனைவி அப்பாவை ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நான் இருந்து, அக்காவோடு சேர்ந்து கோடுகளைப் பழையபடி ஒட்டிக்கொடுத்தேன். ஏன் இருந்தேன் என்று தெரியவில்லை. கண்காட்சி இன்னும் பதினோரு நாள் நடக்க வேண்டியிருந்தது. “இந்த இடத்துல எவ்வளவு?” என்று கேட்டேன். “அளவெல்லாம் கிடையாது. தள்ளு. இன்னும் தள்ளு. இங்க வரும்போது அடிவயித்துல ஏதோ பண்ணணும். பண்ணுதா?” நான் எழுந்து நின்று பார்த்தேன், கால் வைத்துப் பார்த்தேன், இன்னும் ஒரு விரல் தள்ளினேன். பண்ணியது. வாழ்க்கையில் அளக்காமல் நான் ஒட்டிய முதல் கோடு அதுதான். சுவரில் இருந்த அட்டையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதில் கடைசிவரைக்கும் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. அது இன்றைக்கும் எனக்குச் சின்ன முள்தான். அவளிடம் ஒருநாள் சொல்வேன். சொன்னால், “அட ஆமாம்டா” என்பாள். அவளுக்கு நிஜமாகவே தோன்றியிருக்காது.

ஏழு மாதம் ஓடியது. போன வாரம் ஒரு காலையில் அப்பா முதல் கோட்டின்மேலேயே நின்றுவிட்டார். கோடு இருந்தது, அளவு இருந்தது, கால் போகவில்லை. இப்படி ஒரு கட்டம் வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவருக்கு எதிரே சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சாக்பீஸ் கையில் இருந்தது, போடுவதற்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்தமுறை, “எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டேன். “கோடு தெரியுதுடா. ஆனா அது யாருக்கோ போட்ட கோடு மாதிரி இருக்கு” என்றார்.

மனைவி போன் செய்திருப்பாள். அக்கா ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட்டாள், தலைகூட வாரவில்லை. எதுவும் கேட்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு அப்பாவுக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையோடு வைத்துக்கொண்டு அவர் பாதங்களையே பார்த்தாள்.

“ரெண்டுபேரும் வழிய மறிச்சுக்கிட்டு நடக்கலை நடக்கலைன்னா நான் எங்க நடக்குறது?” என்றார் அப்பா.

“கொஞ்சம் இருங்கப்பா” என்றாள் அவள். பிறகு என்னிடம், “டேய், இங்க வந்து படுத்துப் பாரு.”

எனக்கு நாற்பத்தாறு வயது. முட்டி சடக்கென்று சத்தம் போட, அவள் பக்கத்தில் படுத்தேன். தரை சில்லென்று இருந்தது. மேலேயிருந்து பார்க்கும்போது தனித்தனியாக இருக்கிற கோடுகள் அங்கிருந்து ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. அதற்குக் கடைசியில் அப்பாவின் இரண்டு பாதங்கள், பெரிதாக, நரம்போடி. சமையலறையில் குழாய் மூடும் சத்தம் கேட்டது. வலது குதிகால் தரையைவிட்டு ஒரு நூலளவு எழும்பியது. குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் ஜன்னல் வெளிச்சம் கீற்றாக நுழைந்தது. பெருவிரல் மட்டும் இன்னும் தரையில் இருந்தது.